கிராஞ்சியில் சீழ்க்கைச் சிறகிகளோடு ஒரு சின்னப் பழுப்பு வாத்து: கிளுவையா, நீலச்சிறகியா?

நாணற்புதர்:

வணக்கம். நவம்பர் இரண்டாம் வாரம், காலை எட்டு மணியளவில், சிங்கப்பூரின் கிராஞ்சி சதுப்பு நிலத்துப் பறவை பார்க்கும் கோபுரத்திலிருந்து எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். சீழ்க்கைச் சிறகி வாத்துக் கூட்டத்தின் ஓரமாக, ஆகாயத்தாமரை விளிம்பில், தனியாக ஒரு வாத்து. உடல் முழுக்கப் பழுப்பு, ஒவ்வோர் இறகுக்கும் வெளிர் விளிம்பு. பக்கத்தில் நின்ற சீழ்க்கைச் சிறகியைவிடக் கொஞ்சம் சின்னது, கழுத்தும் குட்டை. தண்ணீரில் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. அலகு கருஞ்சாம்பல். முகத்தில் கோடு கோடாகத் தெரிகிறது.

முதல் படத்தைப் போட்டால் பறவை அடையாளம் சொல்லும் ஆப் கிளுவை என்கிறது. அதே ஆப் இரண்டாவது படத்துக்கு நீலச்சிறகி என்கிறது. மூன்றாவது படத்தில் பறவை ஒரு பக்கச் சிறகை நீட்டிச் சோம்பல் முறிக்கிறது. பச்சைப் பட்டையும் அதற்கு இரு புறமும் வெள்ளைக் கோடும் தெரிகின்றன.

எது சரி? ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? இன்னும் எத்தனை நாள் இங்கே இருக்கும், எந்த நேரத்தில் தேடினால் கிடைக்கும்?

சேற்றுத்தடம்:

நீலச்சிறகிதான். ஆங்கிலக் கையேடுகளில் கார்கனி என்ற பெயரில் பாருங்கள். இரண்டாவது படத்து முகம் ஒன்றே போதும்.

சிங்கப்பூருக்கு வலசை வரும் சின்ன வாத்துகளில் ஓரளவு எதிர்பார்க்கக்கூடியது இதுதான், அதுவும் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி வருவதில்லை. கிளுவை இங்கே மிக அரிது. ஆனால் அரிது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பறவையைத் தள்ளிவிடக் கூடாது. அடையாளம் பார்த்துத்தான் தள்ள வேண்டும்.

முகத்தை மேலிருந்து கீழே வரிசையாகப் பாருங்கள். உச்சந்தலை கருமை. அதன் கீழே வெளிர் புருவக் கோடு, கண்ணுக்குப் பின்னாலும் நீளமாக ஓடுகிறது. அடுத்து கண்ணின் ஊடாக ஒரு கருங்கோடு. அதற்குக் கீழே மறுபடி ஒரு வெளிர் பட்டை. அது அலகின் அடிக்கு வரும்போது அகன்று ஒரு வெள்ளைப் புள்ளி போல முடிகிறது. அதற்கும் கீழே, வாயோரத்திலிருந்து கன்னத்தின் குறுக்கே இன்னொரு கருங்கோடு. கடைசியில் வெள்ளைத் தொண்டை. இந்த இரண்டாவது கருங்கோடும் அலகடிப் புள்ளியும் சேர்ந்து அமைந்தால் நீலச்சிறகியின் பக்கம் தராசு நன்றாகச் சாய்ந்துவிடும்.

பெண் கிளுவையின் முகம் இவ்வளவு கோடு போட்டிருக்காது. கண்கோடு உண்டு, கன்னம் பெரும்பாலும் வெறும் பழுப்புப் பொடி தூவினாற்போல இருக்கும். சில கிளுவைகளுக்கு மங்கலாகக் கன்னக் கோடும், அலகடியில் வெளிர் திட்டும் இருப்பதுண்டு. அதனால் ஒற்றை அடையாளத்தை நம்பி முடிவுகட்ட வேண்டாம். அலகையும் வாலையும் சேர்த்துப் பாருங்கள்.

அலகு: நீலச்சிறகிக்கு நீளம் சற்றுக் கூடுதல், முழுக்க ஒரே கருஞ்சாம்பல். பெண் கிளுவைக்கும் இளம் கிளுவைக்கும் அலகின் அடிப்பக்கத்து ஓரங்களில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் சாயல் இருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சேற்றில் அலகை விட்டு மேயும் வாத்துக்குக் காய்ந்த சேறும் காலை வெயிலும் சேர்ந்து பொய்யான ஆரஞ்சு நிறம் காட்டும். சேறு என்றால் திட்டுத் திட்டாக, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்; அலகை நனைத்து உதறியதும் போய்விடும். கிளுவையின் நிறம் இரு பக்கமும் சமமாக, அலகின் விளிம்பை ஒட்டிப் போகும். அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

வால்: கிளுவைக்கு வாலடியின் பக்கவாட்டில் ஒரு வெளிர் கீற்று இருக்கும், பறவை பக்கவாட்டில் நீந்தும்போது பார்க்கலாம். உங்கள் இரண்டாவது படத்தில் அந்த இடம் நன்றாகத் தெரிகிறது, கீற்று இல்லை.

ஆப் ஏன் தடுமாறியது என்றால், முதல் படத்தில் தலை அப்பால் திரும்பியிருக்கிறது. முகக்கோடு எதுவும் தெரியாதபோது அதற்கு மிஞ்சியது பழுப்பு உடலும் சின்ன உருவமும்தான். இரண்டு வாத்துக்கும் அது பொது. நீளத்தைப் பார்த்தாலும் கிளுவை 34 முதல் 38 செ.மீ., நீலச்சிறகி 37 முதல் 41 செ.மீ. தனியாக நிற்கும் பறவையிடம் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது.

இன்னொன்று. கிராஞ்சிக் கோபுரம் பத்து மீட்டருக்கு மேல் உயரம். அங்கிருந்து கீழே பார்த்தால் உச்சந்தலையும் முதுகும்தான் கிடைக்கும், தொண்டையும் கன்னக் கோடும் மறைந்துபோகும். பறவை எட்டப் போனபின் எடுத்த படத்தில் உருவம் சிறுத்தாலும் பார்வைக் கோணம் தணிவதால் முகம் தெளிவாக விழும். கிட்ட இருக்கும்போதே எடுத்து முடித்துவிட்டோம் என்று கேமராவை மூடிவிடாதீர்கள்.

வலசைப்பாதை:

சேற்றுத்தடம் முகத்தைச் சொல்லிவிட்டார். என் கண் போனது மூன்றாவது படத்துக்கு. அந்த நீட்டிய சிறகுதான் இந்த இழையிலேயே மதிப்புள்ள படம், ஏனென்றால் ஆணா பெண்ணா என்ற உங்கள் கேள்விக்கு விடை அதில் இருக்கிறது.

வாத்துகளின் உடல் இறகு ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். பறக்கும் சிறகிறகுகள் ஒரு முறைதான் மாறும். ஆகவே ஆண் வாத்து பெண்போல வேடம் போட்டிருக்கும் மாதங்களிலும் சிறகு ஆணின் சிறகாகவே இருக்கும். நீலச்சிறகியிடம் இது பளிச்சென்று தெரியும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது முன்சிறகு, அதாவது பச்சைப் பட்டைக்கு முன்னால் இருக்கும் பகுதி. வளர்ந்த ஆணுக்கு அது வெளிர் நீலச் சாம்பல். பறக்கும்போது எட்டத்திலிருந்து ஏறக்குறைய வெள்ளையாகவே தெரியும். பெண்ணுக்கு அது சாம்பல் கலந்த மங்கல் பழுப்பு. இளம் ஆணுக்கு இரண்டுக்கும் நடுவில், அழுக்குச் சாம்பல். இரண்டாவது, பச்சைப் பட்டையை அணைத்திருக்கும் வெள்ளைக் கோடுகள். ஆணுக்கு முன்கோடும் பின்கோடும் ஏறத்தாழச் சம அகலம். பெண்ணுக்கு முன்கோடு மெலிந்து, சிறகின் பின்விளிம்பில் ஓடும் கோடு தடித்திருக்கும். கிளுவைக்கு இது தலைகீழ்: முன்கோடு தடிப்பு, பின்கோடு மெலிவு. பறந்து போகும் வாத்தில் இந்த ஒன்றைக் கவனித்தால்கூடப் பாதிச் சந்தேகம் தீரும்.

உங்கள் படத்தில் முன்சிறகு சுத்தமான நீலச் சாம்பல், கோடுகள் இரண்டும் சமம். வளர்ந்த ஆண், மங்கல் கோலத்தில்.

இதைத் துணிந்து சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். படம் வெளிச்சம் கூடிப்போயிருந்தால் பழுப்பும் சாம்பலாகக் காட்டும். அதே படத்தில் முதுகோர இறகுகள் கரும்பழுப்பாகவும், அவற்றின் விளிம்பு தெளிவாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்கின்றன, வெளிச்சம் சரி. முதுகும் வெளுத்துப் போயிருந்தால் முன்சிறகின் நிறத்தை நம்பக் கூடாது, கோடுகளின் அகலத்தை மட்டுமே நம்ப வேண்டும்.

பச்சைப் பட்டையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அந்தப் பச்சை சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருகிறது. ஒளி வேறு கோணத்தில் விழுந்தால் அதே பட்டை கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். “பச்சை இல்லை, ஆகவே நீலச்சிறகி இல்லை” என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எதிர்வெயிலில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.

நாணற்புதர்:

இருவருக்கும் நன்றி. கையேட்டில் ஆணுக்குத் தடித்த வெள்ளைப் புருவமும் சாம்பல் விலாவும் போட்டிருக்கிறார்கள். நவம்பரில் ஆணிடம் அது ஒன்றுமே இல்லாமல் இருப்பது வழக்கம்தானா? குள்ளத்தாராவும் சின்ன வாத்துதானே, அதை எப்படி ஒதுக்குவது?

வலசைப்பாதை:

வழக்கம்தான். இந்த இனத்தின் தனிக்குணமே அது.

நீலச்சிறகி ஐரோப்பாவிலிருந்து ரஷ்யாவின் கிழக்கு எல்லை வரை இனப்பெருக்கம் செய்கிறது. அங்கே தங்குவது கோடையில் மட்டும். குளிர்காலம் முழுக்க ஆப்பிரிக்கா, இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்கு ஆசியா. வேடந்தாங்கலிலும் கோடியக்கரையிலும் பார்த்திருப்பவர்கள் இந்த இழையில் இருக்கலாம். அங்கே வருவதும் இதே இனம். நம்மிடம் வருபவை கிழக்கு ஆசிய–ஆஸ்திரேலேசிய வலசைப் பாதையைச் சேர்ந்தவை.

கோடையில் ஆண் தன் அலங்கார இறகுகளை உதிர்த்து மங்கல் கோலத்துக்கு மாறும். அப்போதே சிறகிறகுகளும் ஒரே நேரத்தில் உதிர்வதால் மூன்று நான்கு வாரம் பறக்க முடியாது. நாணலுக்குள் ஒளிந்து கிடக்கும். அந்த வேளையில் பெண்போல நிறமிருப்பது அதற்குப் பாதுகாப்பு. பல வாத்தினங்களில் ஆண் இலையுதிர்காலத்திலேயே மறுபடி அலங்காரம் பூண்டுவிடும். நீலச்சிறகியோ மங்கல் கோலத்தை நீண்ட காலம் வைத்திருக்கும். பிப்ரவரி, மார்ச் வாக்கில்தான் பெரும்பாலானவை முழு அழகுக்கு வரும்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை இங்கே காணும் நீலச்சிறகிகள் எல்லாமே பெண் போல இருப்பதற்குக் காரணம் இதுதான். “பெண் 5” என்று பதிவில் எழுதுவது இந்த மாதங்களில் பெரும்பாலும் தவறாக முடியும். சிறகு பார்த்தவற்றுக்கு மட்டும் ஆண், பெண் எழுதுங்கள். மற்றவற்றை “பெண் கோலத்தில்” என்று எழுதினால் உண்மை கெடாது.

கோலம் மாறும் ஜனவரி, பிப்ரவரியில் ஆணின் தலையைக் கவனியுங்கள். கன்னம் செம்பழுப்பாக ஏறும், புருவக் கோடு கண்ணுக்கு மேல் தடித்து வெளுத்துப் பிடரி நோக்கி வளையும். பழுப்பு மார்பு ஓரிடத்தில் வெட்டினாற்போல நின்று அதற்குப் பின்னால் விலா வெளிர் சாம்பலாகும். கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட தோள் இறகுகள் முதுகிலிருந்து தொங்கும்.

லோரோங்குருவி:

குள்ளத்தாரா கேள்விக்கு என் பங்கு.

முகக்கோட்டை மட்டும் பார்த்தால் பெண் குள்ளத்தாரா உண்மையிலேயே குழப்பும். அதற்கும் கருந்தலை, வெளிர் புருவம், கண்ணூடாகக் கருங்கோடு எல்லாம் உண்டு. ஆனால் உருவத்தில் அது மிகவும் சின்னது, சுமார் 26 செ.மீ.; நீர்ப்பறவை வாத்துகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. பக்கத்தில் தாழைக்கோழி நின்றால் உடனே தெரியும்: நீலச்சிறகி தாழைக்கோழியைவிட நீளமாக இருக்கும், குள்ளத்தாரா அதைவிடக் குட்டையாக இருக்கும். அடுத்து அலகைப் பாருங்கள். குள்ளத்தாராவின் அலகு குட்டை, அடியில் உயர்ந்து நுனிக்கு வேகமாகச் சரியும். குட்டி வாத்து ஒன்றுக்குப் பொம்மை அலகு வைத்தது போல இருக்கும். நீலச்சிறகிக்கு நீண்ட, தட்டையான, சாதாரண வாத்தலகு. சிறகில் பெண் குள்ளத்தாராவுக்குப் பின்விளிம்பில் மட்டும் வெள்ளைக் கோடு. பச்சைப் பட்டையை இருபுறமும் அணைக்கும் கோடுகள் கிடையா. உங்கள் மூன்றாவது படத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சீழ்க்கைச் சிறகியோடு குழப்பம் வருவது எட்டப் பறக்கும்போதுதான். அளவு கிட்டத்தட்ட ஒன்று, 38 முதல் 42 செ.மீ. ஆனால் சீழ்க்கைச் சிறகியின் சிறகு அகலம், முனை வட்டம், மேலும் கீழும் இருண்டது, வெள்ளைக் கோடே இல்லை. கால் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டு போகும். கழுத்து முன்னால் சற்றுத் தொங்கும். சிறகடிப்பும் நிதானம், வாயும் மூடாது. நீலச்சிறகி கூர்ஞ்சிறகை வேகமாக அடித்து, கூட்டமாகத் திரும்பித் திரும்பிப் பறக்கும். பெரும்பாலும் சத்தமே இல்லாமல் போகும். கரையில் நின்றாலும் சீழ்க்கைச் சிறகி நெட்டையாக நிமிர்ந்து நிற்கும், நீலச்சிறகி கிடைமட்டமாகத் தாழ்ந்து நிற்கும். மரக்கிளையில் உட்கார்ந்திருந்தால் சீழ்க்கைச் சிறகிதான்.

முக்குளிப்பானையும் சிலர் வாத்தென்று எழுதுகிறார்கள். மூழ்கி வேறிடத்தில் எழுந்தால் அது நீலச்சிறகி இல்லை. நீலச்சிறகி ஆபத்து வந்தாலொழிய முழுக்க மூழ்காது.

பெரிய வலசை வாத்துகளை நிமிடத்தில் ஒதுக்கலாம். ஆண்டி வாத்துக்கு உடம்புக்கு மிஞ்சிய அகப்பை அலகு. ஊசிவால் வாத்துக்கு நீண்ட மெல்லிய கழுத்து, கோடே இல்லாத வெறும் பழுப்பு முகம், கூர்வால்.

நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, பறவை காட்டுப் பறவைதானா என்பது. பூங்காக் குளங்களில் வளர்ப்புப் பறவைகளும் தப்பி வந்தவையும் கலந்திருக்கும். காலில் வளையம் இருக்கிறதா, ஒரு பக்கச் சிறகின் முனை வெட்டியது போல் மொண்ணையாக இருக்கிறதா, ஆள் கிட்டப் போனால் விலகுகிறதா இல்லை ரொட்டிக்காக நெருங்கி வருகிறதா என்று பாருங்கள். எல்லா மாதமும் அதே குளத்தில் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். உங்கள் பறவைக்குச் சிறகுமுனை முழுசாக இருக்கிறது. வலசைக் காலம், இடம், கூச்சம் எல்லாம் பொருந்துகின்றன. கால் தண்ணீருக்குள் இருப்பதால் வளையம் பற்றிச் சொல்ல வழியில்லை.

கண்ணாடிக்குளம்:

நேரம், இடம் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை, எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இதன் காலம் பொதுவாக அக்டோபர் முதல் மார்ச் வரை. ஒரே இடத்தில் பருவம் முழுக்க இருக்கும் என்று எண்ண வேண்டாம். சில பறவைகள் சில நாள் தங்கித் தெற்கே நகர்ந்துவிடும், சில மழைக்கு ஏற்பக் குளம் மாறும்.

இதன் தீனியும் தண்ணீரின் ஆழமும் சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. நீலச்சிறகி தண்ணீர்ப் பரப்பில் அலகை ஓட்டி வடிகட்டி மேயும். இல்லாவிட்டால் தலையையும் கழுத்தையும் மட்டும் முக்கி மேயும். வால் மேலே நிற்கத் தலைகுப்புறக் கவிழ்ந்து மேய்வது குறைவு. புல் விதை, நீர்ச்செடித் தண்டு, பூச்சி, நத்தை, சின்ன இறால் வகை எல்லாம் தின்னும். ஆக, அதன் கழுத்து எட்டும் ஆழமுள்ள, செடி மண்டிய ஓரங்களே அதற்கு வேண்டும். செங்குத்தான கான்கிரீட் கரையுள்ள ஆழ நீர்த்தேக்கத்தின் நடுவில் கண்டால் அது ஓய்வெடுக்கிறது, மேயவில்லை.

டிசம்பர், ஜனவரி அடைமழையில் பலர் ஏமாறுவது இதனால்தான். நீர்மட்டம் ஏறினால் நேற்றிருந்த ஆழமற்ற ஓரம் இன்று இருக்காது. பறவை ஊரை விட்டுப் போயிருக்க வேண்டியதில்லை. புல்வெளி மூழ்கிப் புதிதாக உண்டான ஓரத்துக்குள் போயிருக்கும். வழக்கமான இடத்தையே வெறித்துப் பார்க்காமல், தண்ணீர் எங்கே புதிதாகப் புல்லுக்குள் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

பகலில் பெரும்பாலும் ஓய்வு. தலையை முதுகு இறகுக்குள் செருகி, தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே, சீழ்க்கைச் சிறகிகளோடு சேர்ந்து மிதக்கும். அப்போது முகம் தெரியாது, அலகு தெரியாது, இருபது முப்பது பழுப்பு முதுகுகளில் ஒன்றாகிவிடும். அந்த நிலையில் சீழ்க்கைச் சிறகியின் முதுகு செம்பழுப்பு விளிம்போடும், நீலச்சிறகியின் முதுகு கருமைமேல் வெளிர் விளிம்போடு செதில் செதிலாகவும் தெரியும். ஸ்கோப் (தாங்கியில் வைக்கும் தொலைநோக்கி) இருந்தால் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு முதுகாக மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் பாய்ந்து தேடினால் தவறவிடுவீர்கள்.

மேய்ச்சல் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும். நம் ஊரில் சூரிய உதயம் ஏழு மணியை ஒட்டி, அஸ்தமனமும் மாலை ஏழு மணியை ஒட்டி. கிராஞ்சியும் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகமும் காலை 7 முதல் மாலை 7 வரைதான் திறந்திருக்கும். அதனால் இரவு மேய்ச்சல் முடிந்து வந்து இறகு கோதும் முதல் ஒன்றரை மணி நேரமும், மாலையில் விழித்து அசையத் தொடங்கும் கடைசி ஒரு மணி நேரமுமே கைக்குக் கிடைப்பவை. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் தண்ணீர்மேல் காற்று நெளியும். எட்டத்துப் படங்களில் கோடுகள் கரைந்துபோகும். விலை கூடிய லென்ஸாலும் அதற்கு மருந்தில்லை.

இடங்கள்: கிராஞ்சி சதுப்பு நிலம் 2016-இல் திறந்தது, 56.8 ஹெக்டர். உட்பகுதிக்கு வழிகாட்டி நடைகளில் மட்டுமே போகலாம், கோபுரம் வரையுள்ள பாதை எல்லோருக்கும். சுங்கை பூலோவின் குளங்கள் பழைய இறால் பண்ணைக் குளங்கள், மதகு வைத்து நீர்மட்டத்தை ஏற்றி இறக்குகிறார்கள். கடலோரச் சேறு மூழ்கும் ஏற்றநேரத்தில் உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் அந்தக் குளங்களுக்குள் வந்து குவியும். வாத்துக்கு ஓதம் அவ்வளவு முக்கியமில்லை, குளத்தின் ஆழம்தான் முக்கியம். லோரோங் ஹாலுஸ் ஈரநிலம் 2011-இல் திறந்தது. பழைய குப்பைநிலத்தின் கசிவுநீர் சிராங்கூன் நீர்த்தேக்கத்துக்குள் போகாமல் நாணல் படுகைகள் சுத்தம் செய்கின்றன. அங்கே பாதை குளத்துக்கு மிக நெருக்கம் என்பதால் நடையில் அடக்கம் வேண்டும்.

நாணற்புதர்:

அருமையான விவரங்கள். சிறகுப் படம் தற்செயலாக அமைந்தது. வேண்டுமென்று எடுக்க வழி உண்டா? பதிவு எப்படி எழுத வேண்டும்?

வலசைப்பாதை:

உண்டு. ஆனால் விரட்டிப் பறக்க வைப்பது வழியே அல்ல. அது பறவைக்குக் கெடுதல், படமும் வால்பக்கமாகத்தான் கிடைக்கும்.

இறகு கோதும் வாத்தைப் பொறுமையாகப் பின்தொடருங்கள். கோதி முடிக்கும் கட்டத்தில் தலையைச் சில முறை தண்ணீரில் முக்கி முதுகில் வழியவிடும், வாலை ஆட்டும், பிறகு உடம்பை நிமிர்த்தி நாலைந்து முறை சிறகை அடிக்கும். அந்த நிமிர்வுக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையாமல், தொடர்ப் படமாக அழுத்துங்கள். வெள்ளைக் கோடு வெளுத்துத் தடித்துவிடாமலிருக்க வெளிச்சத்தை மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து வையுங்கள். கோட்டின் அகலத்தை அளக்கப் போகிறோம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஓய்ந்து நிற்கும் பறவை ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டும். உங்களுக்குக் கிடைத்தது அது. ஒரு பக்கம் நீட்டினால் சற்று நேரத்தில் மறுபக்கமும் நீட்ட வாய்ப்பு அதிகம், கேமராவை இறக்காதீர்கள்.

கூட்டம் முழுக்கக் கழுத்தை நிமிர்த்தி, தலையை வெட்டி வெட்டி ஆட்டினால் பறக்கப் போகிறது என்று அர்த்தம். அசையாமல் நில்லுங்கள், அல்லது மெதுவாகப் பின்வாங்குங்கள். இந்த வாத்து தண்ணீரிலிருந்து ஓடாமல் நேராக எழும்பிவிடும், எச்சரிக்கைக்கும் பறப்புக்கும் இடையில் நேரம் இருக்காது. பகல் ஓய்வில் எழுப்பிய வாத்துக்கு இரவு தேடிய தீனியில் ஒரு பங்கு வீண்.

குரலை ஒலிபரப்பி வரவழைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். ஆணின் மரக்கிலுகிலுப்பை போன்ற வறண்ட குரல் இனப்பெருக்கக் காலத்தை ஒட்டியது. குளிர்கால வாத்து அதற்கு வராது, கூட்டம்தான் கலையும்.

லோரோங்குருவி:

உணவு போடுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவளிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல் முறை 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், ரொட்டி ஊறிய தண்ணீர் கெடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கப் போகும் பறவைக்கு அதில் சத்தும் இல்லை.

செத்த அல்லது தள்ளாடும் வாத்தைக் கண்டால் தொட வேண்டாம். காட்டு வாத்துகள் பறவைக் காய்ச்சல் கிருமியை நோயே தெரியாமல் சுமக்கக்கூடியவை. இடத்தைக் குறித்து, படம் எடுத்து, தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். நாயை அருகில் விடாதீர்கள்.

சேற்றுத்தடம்:

பதிவு எழுதும் முறை. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் இடத்தைத் துல்லியமாகக் கிராஞ்சி சதுப்பு நிலம் என்றே தேர்ந்தெடுங்கள், “சிங்கப்பூர்” என்று பொதுவாகப் போட வேண்டாம். அரிய பறவை என்று அது விளக்கம் கேட்டால் “ஆப் சொன்னது” என்று எழுதாதீர்கள், சரிபார்ப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. நீங்கள் கண்டதை எழுதுங்கள்: கன்னத்தில் இரண்டாவது கருங்கோடு, அலகடியில் வெள்ளைப் புள்ளி, முழுச் சாம்பல் அலகு, வாலோரக் கீற்று இல்லை, முன்சிறகு நீலச் சாம்பல், பச்சைப் பட்டையின் இருபுறமும் சம அகல வெள்ளைக் கோடு. கூடவே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, சுமார் எத்தனை மீட்டர் தூரம், பக்கத்தில் என்ன பறவை என்பதையும் சேருங்கள். கிளுவையை எதனால் ஒதுக்கினீர்கள் என்ற ஒரு வரி கட்டாயம்.

பழைய கையேடு வைத்திருப்பவர்களுக்கு: அதில் இதன் பேரினம் அனஸ் என்று இருக்கும், இன்றைய பட்டியல்களில் ஸ்பாட்டுலா. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஆண்டி வாத்தோடு இதையும் அந்தப் பேரினத்தில் சேர்த்தார்கள். பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டால் இரண்டிலும் தேடுங்கள்.

படங்களில் மூன்றாவதை முதலில் ஏற்றுங்கள், அடுத்து இரண்டாவது. முதல் படத்தையும் விட்டுவிடாதீர்கள். தலை தெரியாவிட்டாலும் பக்கத்துச் சீழ்க்கைச் சிறகியோடு அளவை ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கிறது. எதையும் நெருக்கமாக வெட்டாமல், நிறத்தைத் திருத்தாமல், கேமராவிலிருந்து வந்தபடியே போடுங்கள்.